கையால் கட்டிய பேஸ் கிட்டார்: குறையிலிருந்து காரணத்துக்கு

வெங்கே, படாக், பர்ப்பிள்ஹார்ட், ஈட்டி என்று தேடிப் பிடித்த மரத்தில் 34 அங்குல ஸ்கேலில் நாலு ஸ்ட்ரிங் பேஸ் கட்டி முடித்தவர்களுக்கு, அதற்குப் பிறகு வரும் தலைவலிகளுக்கானது இது. குறை சொல்பவர் வாயில் எப்படி வருமோ அதையே தலைப்பாக வைத்திருக்கிறோம்.

எந்தக் குறையாக இருந்தாலும் வரிசை ஒன்றுதான்: முதலில் நெக் (கழுத்து), அடுத்து நட் (நெக்கின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உட்காரும் பட்டை), பிறகு பிரிட்ஜ் (பாடியில் ஸ்ட்ரிங்கைத் தாங்குவது, அதில் ஏறி இறங்கும் துண்டுகள்தான் சேடில்), கடைசியில் பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்). நெக் வளைந்திருக்கும்போது சேடிலை ஏற்றி இறக்கி விளையாடினால், நெக்கைச் சரிசெய்த அன்று எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். சேடில் ஸ்குரூதான் கைக்கு எட்டுகிறது என்பதால் எல்லோரும் அங்கேயே ஆரம்பிக்கிறார்கள்.

கருவியைத் தொடும் முன் ஒரு கேள்வி: இது எப்போது ஆரம்பித்தது? நம் பக்கத்தில் இதற்குப் பதில் கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் வரும் காற்று பொள்ளாச்சிக்கும் கோவையின் மேற்குப் பகுதிக்கும் ஈரத்தைக் கொண்டு வருகிறது. அதே காற்று பல்லடம், தாராபுரம் தாண்டும்போது வறண்டுவிடுகிறது. ஐப்பசியில் எல்லா ஊரிலும் மழை. பங்குனி, சித்திரையில் கரூர், ஈரோடு பக்கம் பலகை அப்பளம் போலக் காயும். பொள்ளாச்சியில் ஆடி மாதம் இழைத்த நெக்கைக் கரூரில் சித்திரையில் வாசித்தால், அதன் குறை முக்கால்வாசி ஈரத்தின் குறை. மரத்தைத் திட்டிப் பயனில்லை.

கையில் இருக்க வேண்டியவை: பைக் மெக்கானிக் டேப்பட் பார்க்க வைத்திருக்கும் ஃபில்லர் கேஜ், 60 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல், டியூனர், மல்டிமீட்டர், ஒரு கிராம் வரை காட்டும் எலக்ட்ரானிக் தராசு. ஆசாரிமார் கணக்கில் ஒரு நூல் என்றால் 3 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். கட்டிலுக்கும் கதவுக்கும் அது போதும். இங்கே கால் மி.மீ. தப்பினாலே காது கண்டுபிடித்துவிடும்.

“ஓரமெல்லாம் கையைக் கிழிக்குதுங்க”

ஃப்ரெட் (ஃபிங்கர்போர்டில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வெளியே வரவில்லை, பலகை உள்ளே போயிருக்கிறது. ஃபிங்கர்போர்டு அகலவாக்கில் சுருங்கும், உலோகம் சுருங்காது. சாதாரணமாக அறுத்த பலகையில் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அகலம் ஏறத்தாழ 0.2 சதவீதம் குறையும். 60 மி.மீ. அகலப் பலகை 14 சதவீதத்திலிருந்து 8 சதவீதத்துக்குக் காய்ந்தால் 0.7 மி.மீ. போய்விடும், ஓரத்துக்கு 0.35. விரல் நுனிக்கு அது பிளேடு. ரேகை செங்குத்தாக நிற்கும்படி அறுத்த பலகையில் இந்தச் சுருக்கம் ஏறத்தாழ பாதிதான்.

அரம் போட அவசரப்படாதீர்கள். வறட்சி உச்சத்துக்கு வரட்டும். சித்திரைக் கடைசியில் ஒரு தடவை தேய்த்தால் அதோடு சரி. கார்த்திகையில் தேய்த்தால் மறு வருடமும் தேய்க்க வேண்டும். பலகையின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, மெல்லிய தட்டை அரத்தை 35 டிகிரி சாய்த்து நெக்கின் நீளவாக்கில் ஓட்டுங்கள். முனைகளை ஊசி அரத்தால் உருட்டி, 600, பிறகு 1000 நம்பர் பேப்பர்.

பிறகு ஃபிங்கர்போர்டுக்கு ஆளிவிதை எண்ணெய் ஒரு கை, பத்து நிமிடத்தில் துடைத்துவிடுவது. பொள்ளாச்சிக்காரர்களுக்குத் தேங்காய் எண்ணெய் மேல்தான் கை போகும். வேண்டாம். அது காயாது, பிசுபிசுக்கும், சிக்கு வாடை அடிக்கும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவும் கூடாது. தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டு, பிறகு எறியுங்கள்.

“ராடைத் திருகித் திருகிப் பார்த்துட்டேன், நெக் மாறவே இல்லைங்க”

ராட் என்பது நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே புதைத்த இரும்புத் தண்டு. முதலில் அளவு. ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்து, 8ஆவது ஃப்ரெட்டின் மேல் இருக்கும் இடைவெளியை ஃபில்லர் கேஜில் பாருங்கள். 0.3 முதல் 0.4 மி.மீ. இருந்தால் பேஸுக்குச் சரி. அதைவிட அதிகம் என்றால் நெக் முன்னால் வளைந்திருக்கிறது. இடைவெளியே இல்லை என்றால் பின்னால் வளைந்திருக்கிறது. ஸ்ட்ரிங் நாலும் முழுச் சுருதியில் இருக்கும்போதுதான் அளக்க வேண்டும். 45 முதல் 105 வரையான செட் சேர்ந்து ஏறத்தாழ 80 கிலோ இழுக்கிறது. அந்த இழுப்பு இல்லாமல் எடுக்கும் அளவு எதற்கும் ஆகாது.

முன் வளைவுக்கு ராடைக் கடிகாரச் சுற்றில் கால் சுற்று. அரை மணி நேரம் பொறுத்து மறுபடி அளங்கள். வெங்கே, பர்ப்பிள்ஹார்ட் சேர்த்து ஒட்டிய விறைப்பான நெக் மறுநாள் வரைகூட மெல்ல நகரும்.

முழுச் சுற்று போயும் அசைவில்லை என்றால், ராட் இருக்கும் பள்ளம் ஆழமாகிவிட்டது. ராட் மரத்தைத் தள்ளாமல் காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. நெக்கின் முதுகை விரல் முட்டியால் தட்டினால் உள்ளே சலசலக்கும். இதற்கு ஃபிங்கர்போர்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அயர்ன் பாக்ஸில் சூடேற்றி, மெல்லிய கத்தியை மெதுவாக நுழைத்துப் பிரித்து, பள்ளத்தின் அடியில் மேப்பிள் பட்டை வைத்து, ராட் பள்ளத்தில் ஆடாமல் உட்காரும்படி செய்து மறுபடி ஒட்டுவது. அடுத்த முறை பள்ளம் எடுக்கும்போது கடையில் சொன்ன அளவை நம்பாமல், ராடையே காலிப்பரில் அளந்து ரூட்டர் பிட்டைப் பொருத்துங்கள்.

ராட் மரத்தைத் தள்ளுகிறது, ஆனாலும் நெக் நிற்கவில்லை என்றால் பசையைச் சந்தேகியுங்கள். வெள்ளைப் பசை வெயிலில் இளகும். மே மாதம் காருக்குள் வைத்துவிட்டுப் போன பேஸில் ஃபிங்கர்போர்டு நெக்கின் மேல் மயிரிழை அளவு நழுவியிருக்கும். நெக்கின் ஓரத்தில் பசைக்கோட்டின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் அதுதான். ஸ்ட்ரிங்கைத் தளர்த்தி, நெக்கை நேராக்கிக் கிளாம்ப் போட்டுச் சூடு கொடுத்தால் திரும்பும். ஆனால் அடுத்த வெயிலில் மறுபடி போகும். கழற்றி, டைட்பாண்ட் ஒரிஜினல் போல விறைப்பாகக் காயும் பசையிலோ எப்பாக்ஸியிலோ ஒட்டுவதுதான் தீர்வு.

“ஃப்ரெட் அடிக்கிற வரைக்கும் நேராத்தானுங்க இருந்துச்சு”

வெங்கே, கருங்காலி பலகைகளில் அடிக்கடி வரும் கதை. ஃப்ரெட்டின் அடித்தண்டு பள்ளத்தைவிடத் தடித்தது. மெத்தென்ற மரம் கொஞ்சம் வழிவிடும், இந்த மரங்கள் விடாது. ஒவ்வொரு ஃப்ரெட்டும் ஓர் ஆப்பு. 22 ஃப்ரெட், ஒவ்வொன்றும் 0.02 மி.மீ. கூடுதல் என்றால் பலகையின் மேல்முகம் 0.44 மி.மீ. நீள முயல்கிறது. மரம் அதில் ஒரு பங்கை விழுங்கும், மிச்சம் பின்வளைவாக மாறும்.

இருபுறமும் வேலை செய்யும் ராட் போட்டிருந்தால் எதிர்ச் சுற்றில் அரை சுற்று வரை போய்ப் பாருங்கள். ஒருபக்க ராட் என்றால் ஃப்ரெட்டை எடுக்க வேண்டும். சால்டரிங் அயர்னை ஃப்ரெட் தலையில் வைத்துச் சூடாக்கி, முனை தட்டையாகத் தேய்த்த கட்டிங் பிளேயரால் நுனியிலிருந்து நெம்பாமல் கவ்விக்கொண்டே போனால் பலகை சில்லு பெயராது. அடித்தண்டை மைக்ரோமீட்டரில் அளந்து, பள்ளத்தை அதற்குச் சமமாக, 0.58 மி.மீ. அளவில் திறந்துகொள்ளுங்கள். பிடிப்புக்குத் தண்டின் பக்கத்தில் நீட்டியிருக்கும் பல் மட்டும் கடித்தால் போதும், தண்டு கடிக்க வேண்டாம்.

“ஒரு கண்ணை மூடிப் பார்த்தா முறுக்கிக்கிட்டு இருக்குதுங்க”

ஒரே அளவு அலுமினிய ஆங்கிள் இரண்டு, 30 செ.மீ. நீளம். ஒன்றை முதல் ஃப்ரெட்டில், மற்றதைக் கடைசி ஃப்ரெட்டில் குறுக்கே வைத்து, ஹெட்ஸ்டாக் (நெக்கின் தலை) பக்கமிருந்து பாருங்கள். இரண்டின் மேல்விளிம்பும் ஒன்றையொன்று மறைக்க வேண்டும். ஓரத்தில் அரை மி.மீ. வரை விலகினால் ஃப்ரெட்டை எடுத்து, பலகையை இழைத்து நேராக்கிவிடலாம். அதற்கு மேல் என்றால் அந்த நெக் விறகு. ராட் முறுக்கை எடுக்காது, எடுக்கும் என்று யார் சொன்னாலும் காசு கொடுக்காதீர்கள்.

காரணம் மரவாடியிலேயே நடந்தது. பச்சை மரம், அல்லது மூன்று பட்டையையும் ரேகை ஒரே பக்கம் சாயும்படி ஒட்டியது. வாங்கிய பட்டையை முனைகளில் மெழுகு பூசி, காற்றோட்டமான நிழலில் குச்சி இடைவைத்து அடுக்கி, வாரம் ஒரு முறை தராசில் வைத்து எடையைச் சுவரில் எழுதுங்கள். மூன்று வாரம் தொடர்ந்து எடை மாறாமல் நின்றால்தான் அது காய்ந்த மரம். “பத்து வருசம் குடோன்ல கிடந்ததுங்க” என்பது எடையாகாது. ஒட்டும்போது நடுப்பட்டைக்கு இருபுறமும் ரேகை எதிரெதிரே சாயட்டும்.

“கிர்ருங்குதுங்க”

அதிகம் வரும் புகார் இது, அதிகம் தவறாகப் பார்க்கப்படுவதும் இதுதான். எங்கே என்று கேட்காமல் எதையும் தொடாதீர்கள்.

ஆம்ப்ளிஃபயரில் கேட்கவில்லை, கருவியை மடியில் வைத்தால் மட்டும் லேசாகக் கேட்கிறது என்றால் விட்டுவிடுங்கள். பேஸ் ஸ்ட்ரிங்கின் வீச்சு பெரியது, கொஞ்சம் உரசும்.

விரல் வைக்காமல் அடித்தால் மட்டும் கிர் என்றால் நட். மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் மேல் ஸ்ட்ரிங்குக்கு அடியில் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். நோட்டுத் தாள் ஒன்று நுழையும் 0.1 மி.மீ. முதல் இரண்டு தாள் வரை இருக்கலாம். ஒட்டிக்கொண்டிருந்தால் பள்ளம் ஆழம். அவசரத்துக்கு ஆப்பசோடாவை அந்தப் பள்ளத்தில் தூவி, ஃபெவிக்விக் ஒரு சொட்டு. சுர்ரென்று கல்லாகிவிடும், புகை கண்ணில் படாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். இரண்டு அடுக்கு போட்டு, ஈ ஸ்ட்ரிங்குக்கு (நாலில் தடித்தது) 2.7 மி.மீ. அகலத்தில் மறுபடி அரத்தால் எடுங்கள். பள்ளத்தின் உச்சி ஃபிங்கர்போர்டுப் பக்கம் இருக்க வேண்டும், கீ (ஸ்ட்ரிங்கை முறுக்கும் திருகாணி) பக்கம் சரிய வேண்டும். உச்சி பின்னால் போனால் தம்புராவின் ஜீவாளி போல ரீங்காரம் போடும். நிரந்தரத்துக்கு எலும்பிலோ பித்தளையிலோ புது நட். பித்தளை என்றால் கணபதி, பீளமேடு பக்கம் லேத் பட்டறைகளில் துண்டு கேட்டாலே கிடைக்கும்.

முதல் ஐந்து ஃப்ரெட்டில் மட்டும் கிர் என்றால் நெக் அளவுக்கு மேல் நேராக இருக்கிறது. ராடைக் கால் சுற்று தளர்த்துங்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் என்றால் அடுத்த ஃப்ரெட் உயரம். மூன்று ஃப்ரெட்டை மட்டும் தொடும் நீளத்துக்கு வெட்டிய ஸ்டீல் ஸ்கேல் துண்டை வைத்து ஆட்டுங்கள். தராசு போல டக் டக் என்று ஆடினால் நடு ஃப்ரெட்தான் குற்றவாளி. அரத்தை எடுக்கும் முன், அந்த ஃப்ரெட்டுக்கு அடியில் ஃபில்லர் கேஜின் 0.05 இதழ் நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் அது உயரமில்லை, எழும்பியிருக்கிறது. நைலான் சுத்தியலால் தட்டி உட்கார வைத்து, தண்ணீர் போன்ற மெல்லிய சூப்பர் க்ளூவைப் பள்ளத்தின் நுனியில் ஒரு சொட்டு விட்டு, கட்டை வைத்து அழுத்திப் பிடியுங்கள். நுழையவில்லை என்றால்தான் அரம்: தலையில் மார்க்கரால் கோடு போட்டு, ஆட்டம் நிற்கும் வரை மட்டும் தேய்த்து, தட்டையான உச்சியை மறுபடி வளைத்து மெருகேற்றுவது.

12க்கு மேல் மட்டும் என்றால் இரண்டு வழி. ஒன்று, ஆக்ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல் ஸ்ட்ரிங் நிற்கும் உயரம்) தாழ்வு. 12ஆவது ஃப்ரெட்டில் ஈ 2.5, ஜி (நாலில் மெல்லியது) 2 மி.மீ. வைத்துப் பாருங்கள். இரண்டு, நெக்கின் கடைசிப் பகுதி பாடிக்கு மேல் நிமிர்ந்து நிற்கிறது. இதற்கு ஸ்குரூ துளையைப் பாருங்கள். பாடியில் உள்ள துளையில் ஸ்குரூ கையால் தள்ளினாலே போக வேண்டும், நெக்கில் மட்டும்தான் மறை கடிக்க வேண்டும். பாடியிலும் கடித்தால், எவ்வளவு இறுக்கினாலும் இரண்டுக்கும் நடுவே இடுக்கு நிற்கும். பாடியில் 5 மி.மீ. துளை, நெக்கில் வெங்கே போன்ற கடின மரத்துக்கு 3.2 மி.மீ. ஸ்குரூ மறையில் சோப்பைத் தேய்த்துக்கொண்டு இறக்குங்கள். இல்லாவிட்டால் தலை முறிந்து உள்ளேயே தங்கும். அதை எடுப்பதற்குப் புது நெக் செய்துவிடலாம்.

எங்கு வாசித்தாலும் ஒரே சுரத்துக்கு மட்டும் கிர் வருகிறதா? அது ஃப்ரெட்டே அல்ல. கீ வாஷர், சேடிலின் உயர ஸ்குரூ, பிக்கப் ஸ்பிரிங், உள்ளே தொங்கும் வயர், இவற்றில் ஏதோ ஒன்று கூடவே அதிர்கிறது. ஒருவரை அந்தச் சுரத்தை அடிக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் விரலால் அமுக்கிக்கொண்டே போங்கள்.

“சேடிலை அடி வரைக்கும் இறக்கிட்டேன், இன்னும் உயரந்தானுங்க”

நெக் கோணம் போதவில்லை. நெக்கைக் கழற்றி, பாடியில் அது உட்காரும் பள்ளமான பாக்கெட்டில் பிரிட்ஜ் பக்கத்து முனையில் அரை மி.மீ. ஆப்பு வையுங்கள். பாக்கெட் 80 மி.மீ. நீளம் என்றால் இந்த அரை மி.மீ. சேடிலில் ஏறத்தாழ 2 மி.மீ. இடம் தரும். விசிட்டிங் கார்டு வைப்பவர்கள் உண்டு, ஓடும். ஆனால் நடுவில் வெற்றிடம் விழுந்து அங்கே மரம் வளையும். முழு நீளத்துக்கும் பூஜ்யத்திலிருந்து 0.5க்கு இழைத்த ஆப்புப் பலகை நல்லது.

“ஓப்பன் சுருதி சரி, மேலே போகப் போக ஏறுதுங்க”

12ஆவது ஃப்ரெட்டின் ஹார்மோனிக்கையும் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு அடிக்கும் சுரம்) அங்கேயே அழுத்தி வாசித்த சுரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏற்றமாக இருந்தால் சேடிலைப் பின்னால், இறக்கமாக இருந்தால் முன்னால் நகர்த்துங்கள். ஈ சேடில் ஜி சேடிலைவிடச் சில மி.மீ. பின்னால் நிற்பது இயல்பு. நாலையும் நேர்கோட்டில் அடுக்கிவிட்டு அழகு பார்க்க வேண்டாம்.

முதல் மூன்று ஃப்ரெட்டில் மட்டும் ஏறுகிறது என்றால் நட் உயரம்.

சேடிலுக்கு ஓட இடமே இல்லை என்றால் ஸ்கேலைக் கொண்டு அளங்கள். 34 அங்குலம் என்பது 863.6 மி.மீ. நட்டிலிருந்து முதல் ஃப்ரெட் 48.5, ஐந்து 216.6, ஏழு 287.2, பன்னிரண்டு 431.8. எல்லாம் நட்டிலிருந்தே அளக்க வேண்டும். ஃப்ரெட்டிலிருந்து ஃப்ரெட்டுக்கு அளந்து வெட்டியவர்களுக்குப் பிழை வட்டி போலக் குட்டி போட்டிருக்கும். கொக்கி வைத்த டேப்பில் அளந்தவர்களுக்கு முதல் மி.மீ.யே சந்தேகம்.

“ஒரு சுரம் மட்டும் பொத்துன்னு செத்துப்போகுதுங்க”

ஜி ஸ்ட்ரிங்கில் ஐந்திலிருந்து ஏழு வரை, பெரும்பாலும் அங்கேதான். ஃப்ரெட் சுத்தம், கிர் இல்லை, ஆனால் சுரம் ஒரு நொடியில் அடங்குகிறது. அந்த இடத்தின் சுரங்கள் 131 முதல் 147 ஹெர்ட்ஸ். நெக்குக்கும் தனக்கென்று ஓர் அதிர்வு உண்டு. அது அங்கே வந்து விழுந்தால், ஸ்ட்ரிங்கின் சக்தியை நெக் குடித்துவிடும். விலை உயர்ந்த கருவிகளிலும் இருக்கிறது, உங்கள் கை வேலையின் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நிச்சயம் செய்ய ஒரு சோதனை. சின்ன ஜி-கிளாம்ப் ஒன்றை, துணி வைத்து, ஹெட்ஸ்டாக் நுனியில் மாட்டி அதே சுரத்தை அடியுங்கள். சுரம் நீண்டு நின்றால், அல்லது செத்த இடம் ஒரு ஃப்ரெட் கீழே நகர்ந்தால், காரணம் நெக்தான். கிளாம்பை நுனியிலிருந்து நட்டை நோக்கி மெல்ல நகர்த்திக்கொண்டே அடித்துப் பார்த்தால், எவ்வளவு எடை எந்த இடத்தில் வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். அந்த எடைக்குப் பித்தளைத் தகடு வெட்டி ஹெட்ஸ்டாக்கின் பின்னால் கீகளுக்கு அடியில் கொடுங்கள். முழுவதும் ஒழியாது. செத்த இடத்தை இரண்டு சுரங்களுக்கு நடுவில் தள்ளிவிட்டால் போதும். அடுத்த நெக்கில் ராடுக்கு இருபுறமும் கார்பன் ஃபைபர் பட்டை புதையுங்கள். அதை எப்பாக்ஸியில் ஒட்ட வேண்டும், மரப்பசை பிடிக்காது.

“கையை விட்டா தலை கீழே போகுதுங்க”

முதலில் பாடி எடை. ஜாஸ் பேஸ் வடிவப் பாடியின் கொள்ளளவு 4.3 லிட்டர் என்று வையுங்கள். மலைவேம்பில் 2 கிலோவுக்குள் நிற்கும், தேக்கில் 2.8, ஈட்டியில் 3.6, பர்ப்பிள்ஹார்டில் 3.8. கனமான நெக், லேசான பாடி என்றால் தலை சாயும். கனமான பாடி என்றால் சாயாது, தோள்பட்டைதான் போகும். ஆகவே பாடிக்கு லேசான மரமும் மேலே 6 முதல் 8 மி.மீ. வரை அலங்கார மரமும்தான் எங்கள் சிபாரிசு. முழு ஈட்டிப் பாடி கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி, பார்க்க மட்டும்.

கட்டி முடித்த பிறகு செய்யக்கூடியது: மேல் கொம்பின் பெல்ட் பட்டன் 12ஆவது ஃப்ரெட் கோட்டை எட்டுகிறதா பாருங்கள். எட்டவில்லை என்றால் பட்டனைக் கொம்பின் நுனிக்கே நகர்த்துங்கள். கனமான கீ போட்டிருந்தால் லைட் கீயாக மாற்றுங்கள். ஹெட்ஸ்டாக்கில் குறைக்கும் 150 கிராம் பாடியில் கூட்டும் அரைக் கிலோவுக்குச் சமம்.

“ஒட்டின இடம் விரிஞ்சுருச்சுங்க”

ஈட்டி, படாக் போன்றவற்றில் எண்ணெய் உண்டு. இழைத்த முகத்தில் அது மெல்ல ஊறி வந்து பசையைத் தள்ளும். ஒட்டுவதற்குச் சற்று முன் புதிதாக இழைத்து, சுத்தமான அசிட்டோனால் துடைத்து, துணியில் நிறம் குறையும் வரை மாற்றித் துடைத்து, கால் மணிக்குள் ஒட்டிவிடுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் அசிட்டோனுக்கு மாற்றல்ல, அதில் எண்ணெயும் வாசனையும் சேர்த்திருப்பார்கள். கிளாம்பை எலும்பு நொறுங்க இறுக்கினால் பசை முழுவதும் வெளியே வழிந்து மூட்டு பட்டினி கிடக்கும். ஓரத்தில் பாசிமணி போலச் சின்னச் சின்னத் துளி வந்தால் அதுவே அளவு.

“ஒரு வாரமாச்சு, பாலிஷ் இன்னும் ஒட்டுதுங்க”

மேப்பிளில் காய்ந்த அதே பாலிஷ் ஈட்டியில் காயவில்லை என்றால் தின்னரைத் திட்டாதீர்கள். மரத்தின் எண்ணெய்ச் சத்து பாலியூரித்தேன் இறுகுவதைத் தடுக்கிறது. சுரண்டி எடுத்து, ஸ்பிரிட்டில் துடைத்து, மெழுகு நீக்கிய அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து இரண்டு மெல்லிய கை கொடுங்கள். பிரெஞ்சு பாலிஷ் போடத் தெரிந்தவர்களிடம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். அதன் மேல் எந்தப் பாலிஷும் நிற்கும்.

ஆடி, ஐப்பசியில் லாக்கர் அடித்து வெள்ளைப் படலம் விழுந்தால், காற்றின் ஈரம் அடியில் மாட்டிக்கொண்டது. வெயில் வந்த நாளில் மெதுவாகக் காயும் தின்னரை மேலே லேசாக அடித்தால் தெளியும்.

படாக்கையும் மேப்பிளையும் பக்கத்தில் வைத்து ஒட்டியிருந்தால் தேய்க்கும்போது சிவப்புத்தூள் மேப்பிளின் துவாரத்தில் போய் ரோஸ் நிறமாக்கும். ஈரத்துணியில் துடைத்தால் இன்னும் மோசம். காற்று அடித்து ஊதி, மேப்பிளின் மேல் மட்டும் அரக்கு கொடுத்து அடைத்துவிட்டு மேலே போங்கள். பர்ப்பிள்ஹார்ட் இழைத்தவுடன் பழுப்பாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், சில நாள் வெளிச்சம் பட்டால் ஊதா ஏறும். அதன் பிறகு வெயிலில் காட்டிக்கொண்டே இருந்தால் மறுபடி பழுப்புக்கே போகும்.

இந்த மரங்களின் தூள் தோலையும் மூச்சையும் பதம் பார்க்கும், வெங்கே சிலாம்பு ஏறினால் சீழ் வைக்கும். என்95 மாஸ்க் இல்லாமல் இழைக்காதீர்கள். இன்னொன்று, படாக் பார்ப்பவர் கண்ணுக்குச் செம்மரம் போலத் தெரியும். வண்டியில் கொண்டு போகும்போது பில் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

“இரைச்சல் தாங்கலைங்க, தொட்டா சுருக்குங்குது”

முதலில் ஷாக், மற்றதெல்லாம் பிறகு. பிரிட்ஜிலிருந்து ஒரு வயர் கிரவுண்டுக்குப் போகிறது, அது கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபயரின் உடலோடு சேர்கிறது. ஆம்ப்ளிஃபயருக்கு எர்த் இல்லை என்றால் அந்த உடலில் ஏறும் கரண்ட் உங்கள் விரலில்தான் இறங்கும். மல்டிமீட்டரை ஏசி உயர் ரேஞ்சில் வைத்து, ஒரு முனையைப் பிரிட்ஜிலும் மற்றதைச் சுவர் பிளக்கின் எர்த் துளையிலும் வையுங்கள். ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வாசிக்காதீர்கள். மூன்றாவது பின்னை ஒடித்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் செருகுவது, திருவிழா மேடையில் எர்த் கம்பி அடிக்காத ஜெனரேட்டர், இரண்டும் ஆள் கொல்லும். பிரிட்ஜ் வயரை வெட்டிவிட்டால் ஷாக் நின்றுவிடும் என்று சொல்பவர் பேச்சைக் கேட்க வேண்டாம். கோளாறு கருவியில் இல்லை, சுவரில்.

எர்த் சரியான பிறகும் இரைச்சல் இருந்தால்: ஸ்ட்ரிங்கைத் தொட்டதும் குறைகிறதா? கிரவுண்ட் நலம், ஷீல்டிங் போதவில்லை. பள்ளங்கள் முழுவதும் தாமிரத் தகடு ஒட்டி, துண்டுக்குத் துண்டு மல்டிமீட்டரில் ஒரு ஓமுக்குள் வருகிறதா பாருங்கள். தொட்டாலும் மாற்றமில்லை என்றால் பிரிட்ஜ் வயர் அறுந்திருக்கிறது. மரத்தின் பாலிஷ் வயருக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே புகுந்துகொள்வதும் உண்டு. அந்த இடத்தைச் சுரண்டுங்கள்.

இரண்டு பிக்கப்பும் முழுச் சத்தத்தில் சேரும்போது ஒலி தகரம் போல மெலிந்தால் ஒன்றின் வயர் மாறியிருக்கிறது. ஏதாவது ஒரு பிக்கப்பின் இரண்டு வயரையும் மாற்றிப் பற்றவையுங்கள். ஈ ஸ்ட்ரிங் மேல் ஃப்ரெட்டுகளில் தள்ளாடினால் பிக்கப் காந்தம் ஸ்ட்ரிங்கைப் பிடித்து இழுக்கிறது. கடைசி ஃப்ரெட்டை அழுத்தியபடி 3 மி.மீ. இடைவெளி வரும் வரை இறக்குங்கள்.

ஒரு பிக்கப் அறவே பேசவில்லை என்றால் ஓம் அளந்து பாருங்கள். ஜாஸ் பேஸ் வகைக்கு 7 முதல் 8 கிலோ ஓம் வர வேண்டும். மீட்டர் அசையவே இல்லை என்றால் சுருள் அறுந்துவிட்டது. பெரும்பாலும் வயர் பற்றவைத்த காதோரத்தில்தான் அறும், பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். உள்ளே அறுந்திருந்தால் மறுபடி சுற்ற வேண்டும். கோவையில் மோட்டார் வைண்டிங் கடைக்குப் பஞ்சமில்லை, ஆனால் பம்ப் மோட்டாருக்குச் சுற்றும் கம்பி இதற்கு வடக்கயிறு. இங்கே வேண்டியது எனாமல் பூசிய 0.063 மி.மீ. தாமிரக் கம்பி, தலைமுடி அளவு. அதை மெஷினில் இழுக்கவிடாமல் விரல் நுனியில் தளர்வாகப் பிடித்துச் சுற்றச் சொல்லுங்கள்.

“கீழே மாவு மாதிரி கொட்டுதுங்க”

பாடியின் அடியில் காலையில் பவுடர், பக்கத்தில் குண்டூசித் துளை. பலா, மா, வாகை மரங்களின் வெளுப்புப் பகுதியில் வண்டு முட்டையிட்டிருக்கிறது. வைரம் பாய்ந்த பகுதியை அது அவ்வளவாகத் தொடாது. துளைகளில் ஊசியால் பூச்சிமருந்து ஏற்றி, கருவியை மற்ற மரங்களிடமிருந்து பிரித்து பாலித்தீன் பையில் கட்டி வையுங்கள். இரண்டு மாதம் கழித்தும் புதுத் தூள் விழுந்தால், அந்த வெளுப்பை உளியால் எடுத்துவிட்டு வைரத் துண்டு பதிக்க வேண்டியதுதான்.